2011 வரைக்கும் ராகு காலம்

ஆகஸ்ட் 4, 98. செவ்வாய்.
ஒரே காற்று. ஆடிக் காற்றில் குடை இரண்டு தடவை திருப்பிக்கொண்டது. 6.10 பஸ். தீபா எழவில்லை. பிரசவ லீவு முடிந்து இரண்டு மாதம். எட்டு மாதக் குழந்தை கண் விழிப்பதை நான் பார்ப்பது ஞாயிறு மட்டும்.

எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் எழுதிவைத்த அந்தப் பாழாய்ப்போன மேக்ரோ புரோகிராமால். பம்பு கம்பெனியில் பன்னிரண்டு மெக்கானிக். யார் எந்தத் தோட்டத்துக்கு, எத்தனை மணிக்கு என்று மேனேஜர் சார் ஏழு மணிக்குள் மெயில் சாஃப்ட்வேர் காலண்டரில் ஏற்றிவிடுவார். மேக்ரோ அதைப் படித்து லிஸ்ட் தர ஐம்பது நிமிடம். எட்டேகாலுக்கு உடுமலை, தாராபுரம் வண்டிகள் கிளம்ப வேண்டும். அதனால் ஏழுக்கே நான் அங்கே.

எட்டுக்கு வரட்டுமா என்று சாரிடம் கேட்டேன். "அஞ்சு நிமிசத்துல லிஸ்ட் வந்துச்சுன்னா எட்டுக்கே வாங்கம்மணி. நானா வேண்டாங்கறேன்?" நல்ல மனுஷர். ஆனால் அஞ்சு நிமிடமா!

வாங்க வேண்டியது: பால் பவுடர், ஊக்கு, விளக்குத் திரி.

ஆகஸ்ட் 5. புதன்.
தூறல். மேக்ரோ ஒவ்வொரு வரியையும் திரையில் காட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். 44 நிமிடம். ஷீட்டில் ஒவ்வொன்றாக எழுதாமல் மொத்தமாகச் சேர்த்து ஒரே தடவையில் எழுத வைத்தேன். 31. அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்காரருக்கு இந்த வாரமும் மில்லில் நைட் ஷிஃப்ட். ஆறு மணிக்கு வருகிறார், குழந்தைப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார், நான் ஓடுகிறேன். தூக்கக் கண்ணோடு, "நீ போ, நான் பாத்துக்கறேன்." ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. நான் கொடுத்துவைத்தவள்தான்.

ஆகஸ்ட் 6. வியாழன்.
மேக்ரோ எந்தத் தேதியைப் படிக்கிறது என்று திரையில் கீழே காட்ட வைத்தேன். 1999. 2003. 2007. அடக் கடவுளே! இன்றைய லிஸ்டுக்கு 2007-இல் என்ன வேலை?

எல்லாம் ராகு காலம். ஆளுக்கொன்று, தினமும், 2011 வரை. ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கும். அத்தனையையும் படித்துவிட்டுத்தான் இன்றைய லிஸ்டைத் தருகிறது.

"எதுக்குங்க சார் 2011 வரைக்கும்?"

"அப்பத்தானுங்க அம்மணி நான் ரிட்டயர் ஆவறேன். ராகு காலத்துல மோட்டாரத் தொட்டா வெளங்குமுங்களா? ஒரு ஞாயித்துக்கெழம வந்து உக்காந்து, வாராவாரம் தானா வர்ற மாதிரி பன்னெண்டு பேருக்கும் ஏத்திப்போட்டனுங்க. எமகண்டம் இன்னும் பாக்கி."

எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

ஆகஸ்ட் 7. வெள்ளி.
வெயில். எதையும் அழிக்கவில்லை. இன்றைய தேதியை மட்டும் முதலில் பொறுக்கு, பிறகு படி என்று மாற்றினேன். முதல் தடவை லிஸ்ட் வெறும் தாள். பொறுக்குவதற்கு முன் நேரவாரியாக அடுக்கியிருக்க வேண்டும். அடுக்கினேன்.

நாற்பது விநாடி!

நம்பாமல் மூன்று தடவை ஓட்டினேன். பழைய லிஸ்டோடு வரிக்கு வரி சரி. மேனேஜர் சார் தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அட! நாளையிலிருந்து எட்டுக்கு வாங்க கண்ணு. ஊட்ல கொழந்த இருக்குதல்ல."

ஆகஸ்ட் 8. சனி.
6.10 பஸ் போகும் சத்தம் கேட்டபடி பாயிலேயே கிடந்தேன். என்ன சுகம்! 6.30-க்குத் தீபா எழுந்தாள். பின்னால் படுத்திருந்த என்னைக் கவனிக்கவில்லை. நேராகத் தவழ்ந்து போய் வாசல் கதவைத் தட்டினாள்.

"தெனமும் இதேதான்," என்றார் அவர். "நீ போன பொறவு அங்க போய் உக்காந்துக்குவா. கொஞ்ச நேரம் அழுவா."

"ஏனுங்க, எங்கிட்ட ஏன் சொல்லுல?"

"சொன்னா உனக்கு அங்க வேலை ஓடுமா?"

இரண்டு மாதம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். இந்த மனுஷனுக்கு நான் என்ன செய்வேன்.

தீபா இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.