என் நம்பருக்கு வந்த போன்

சொர்ணம்,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். நேற்று வைத்த மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொள். முதலில் சாப்பிடு, மீதியை அப்புறம் படி.

காலையில் "கிழவிக்கு இன்னாத்துக்குக் கம்ப்யூட்டரு"ன்னு ஏசினேன். "உனக்கு இன்னா தெரியும், போய்யா"ன்னு கத்திவிட்டு தரமணி வகுப்புக்குப் போய்விட்டாய். காணாமல் போன பிள்ளையைத் தேட, இந்த வயதில் வெப்சைட் போடக் கற்றுக்கொண்டவள் நீ. நான்தான் நம்பவில்லை. கண்டவனும் போன் பண்ணி உன்னை ஏமாற்றுவான் என்று சண்டை போட்டு, அதில் என் நம்பரைப் போட வைத்தேன். இதுவரை பண்ணினவன் எல்லாம் பொய்யன்தான்.

இன்று பண்ணினவர் போலீஸ்காரர். நீ போட்ட பக்கத்தில் தயாளன் போட்டோவைப் பார்த்தாராம். கழுத்தில் தழும்பு இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

"அவங்கிட்ட போனைக் குடு சார்"னேன்.

"நீங்க ஆஸ்பத்திரிக்கு நேர்ல வாங்க பெரியவரே. கூட யாரையாவது இட்டுக்கினு வாங்க"ன்னார்.

உன்னை இட்டுக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை. உன் தம்பி பாலுவோடு போகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முருகையன்

பிரஷர் மாத்திரையை மறக்காதே. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள், வந்து தட்டுகிறேன்.

இன்னொன்று. உட்கார்ந்து அந்தப் பக்கத்தில் எதையும் மாற்றிவிடாதே. நான் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். அதுவரைக்கும் நம்ம பிள்ளை காணாமல்தான் போயிருக்கிறான்.