அது எந்த ஓம்?

சிலாவத்துறை.

அன்பு மகள் ஸஹ்றாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், மெல்பேர்ன் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். இங்கே சோளகக் காற்று இன்னும் விடவில்லை, கரைக்கு மீன் குறைவு, உம்மாவுக்கு முழங்காலில் நோவு, வாயில் ஒரு நோவும் இல்லை.

போன மாதம் நான் அரிப்பு ஊர்க் கரையில் வியாபாரத்துக்கு மீன் எடுத்துக்கொண்டு நின்ற நேரம் புத்தளத்திலிருந்து சரிபுதீன் மாமா போன் எடுத்தார். காற்று இரைச்சலில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை, நம்முடைய ஆட்கள் எல்லோரையும் போல நானும் ஓம், ஓம், ஓம் மச்சான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சம்மதம் என்ற ஓம் இல்லை, கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்ற ஓம் அது. அவர் கேட்டதோ தன் மகன் றிஸ்லானுக்கு உன்னை. அடுத்த கிழமை வான் பிடித்து, தொதல் இனிப்பும் கையுமாக வந்து இறங்கிவிட்டார்கள். மாமா என்னைக் கட்டிப்பிடித்து, உங்கள் ஒரு சொல் போதும் மச்சான் என்று கண் கலங்கினார். என் வாயில் அப்போது தொதல், மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

உம்மா தன் கூடப்பிறந்த காக்கா என்றும் பாராமல் கோட்டில் வழக்காடும் அப்புக்காத்து மாதிரி நியாயம் பேசுகிறார். காதில் விழாத கேள்விக்குச் சொன்ன பதில் பதிலே இல்லையாம். "வாப்பாட சம்மதத்த வெச்சு றிஸ்லான் யாரோட குடும்பம் நடத்துற?" என்று கேட்டார். எல்லாம் சரிதான். ஆனால் கரையில் ஓம் என்று விட்டால் நாறின மீனையும் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். அதைவிட, தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு நானும் உம்மாவும் உடுத்த உடுப்போடு புத்தளத்தில் போய் நின்றபோது, வியாபாரத்துக்காக முன்பே அங்கே போயிருந்த மாமா தன் இரண்டு அறை வீட்டில் ஒன்றை எங்களுக்கு விட்டார். நியாயம் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைகுட்டிக்காரர் கதவைத் திறந்திருக்கவே மாட்டார், மனம் இளகித்தான் திறந்தார். அவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வீட்டில் இருந்தால் உம்மா, தெருவில் இறங்கினால் வாழ்த்துச் சொல்லும் சனம், தொழுதுவிட்டு வந்தாலும் சம்பந்தி சுகமா என்கிறார்கள். மூச்சுவிட இடமில்லை மகள்.

யோசித்துப் பார்த்தேன். மாமா திறந்தது தன் வீட்டுக் கதவை. நான் நன்றி என்று எடுத்துக் கொடுக்கப் பார்ப்பது உன் வாழ்க்கையை. இது விளங்கின பிறகும் வெட்கம் என்னை விடவில்லை, விளங்குகிற இடம் வேறு, சுடுகிற இடம் வேறாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை போனில் உனக்கு எல்லாம் சொன்னேன். நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை, "ஓம் வாப்பா, ஓம் வாப்பா" என்றாய். பிள்ளை சம்மதித்துவிட்டாள் என்று உம்மா மூலையில் இருந்து அழுதார். நான் சந்தோஷமாக மாமாவின் நம்பரை அழுத்தப் போனேன், விரல் போகவில்லை. அது எந்த ஓம் மகள்?

அதனால்தான் இதை எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். உனக்கு விருப்பமில்லை என்றால் நானே பஸ் ஏறிப் புத்தளம் போய் மாமாவின் முன்னால் நின்று சொல்கிறேன், அவர் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து தனியே நடக்காதே. றப்புல் ஆலமீன் உனக்கு நல்லதையே நாடட்டும், ஆமீன். பதிலை உடனே எழுது. விருப்பம் என்று எழுது, அல்லது விருப்பமில்லை என்று எழுது, ஓம் வாப்பா என்று மட்டும் எழுதாதே.

உன் வாப்பா,
நெய்னா முகம்மது