பிளாஸ்க்கில் பூட்டிய மான் பட்டி

மச்சான்,

உன் பிளாஸ்க் இப்போது என் குசினி மேசையில் நிற்கிறது. நேற்று உன் நினைவுக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது உன் மனைவி அதை என் கையில் தந்தார். மூடியைத் திறந்தால் இஞ்சித் தேத்தண்ணி மணம் இன்னும் வருகிறது. கைபிடியில் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் பட்டியும் அப்படியே இருக்கிறது. ஒருமுறை இழுத்துப் பூட்டினால் பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டும். நீ கடைசிவரை வெட்டவில்லை.

அது ஒரு மானின் காலில் பூட்டப்பட்டிருக்கவேண்டிய பட்டி. நம் சங்கத் தலைவர் டொக்டரின் ஆசை அது. ஊரில் கோழி அறுத்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற மனிதர், மெல்பேர்னுக்கு வந்து வேட்டைக்காரனாகிவிட்டார். கூட வேலை செய்த வெள்ளைக்கார டொக்டர் ஒருவரின் வரவேற்பறையில் மான் கொம்பு தொங்கியதாம். உடனே இவருக்கும் ஒன்று வேண்டும். இலை போட்ட காற்சட்டை, இலை போட்ட தொப்பி எல்லாம் வாங்கினார். அந்தத் தொப்பியோடு மளிகைக் கடைக்கு வந்து முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதை நாம் இருவரும் பார்த்தோமே, நினைவிருக்கிறதா?

ஆனால் கிப்ஸ்லாண்ட் ஏரிக்கரையில் நிற்கும் பன்றிமானை நினைத்த நேரம் சுட முடியாது. விண்ணப்பம் போடவேண்டும், சீட்டுக் குலுக்குவார்கள். பெயர் விழுந்தவருக்கு ஒரு பட்டி, ஒரு மான். சுட்ட மானின் காலில் அந்தப் பட்டி இல்லாவிட்டால் குற்றம். கூட ஆள் போகலாம், துவக்கைத் தொடக்கூடாது. டொக்டரின் பெயர் ஒரு வருடமும் விழவில்லை. அதிர்ஷ்டத்துக்கும் ஆள் பிடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தன்னிடம் காரியம் ஆகவேண்டியவர்களை எல்லாம் லைசென்ஸ் எடுக்கவைத்து, அவர்கள் பெயரிலும் விண்ணப்பம் போட்டார். துவக்கின் எந்தப் பக்கத்தால் குண்டு வரும் என்று தெரியாத கோயில் பொருளாளர்கூட வேட்டைக்காரர் ஆனார். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். சங்கத் தேர்தலுக்கு வாக்குச் சேர்த்த அதே ஆட்கள், அதே இளிப்பு.

உன் பெயரை அவர் கேட்டபோது நீ மறுக்க வழியில்லை. உன் தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்ததுபோல் இருந்துகொண்டு விசாவுக்குக் காத்திருந்தான். கார் சீற் தைக்கிற உன் சம்பளம் அவனைப் பொறுப்பெடுக்கக் காணாது. டொக்டர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார், ஆனால் போடவில்லை. "உம்மட பேரைத் தாரும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். எந்த மிச்சம் என்று நீ கேட்கவில்லை. வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னாய்: "அந்த மானும் எங்கட பக்கத்தால கப்பலில வந்ததாம் மச்சான். அதை ஆர் ஸ்பொன்சர் பண்ணினது?"

பார், உன் பெயர் விழுந்தது. சுடுவதற்குக் கிடைத்த நாளோ பங்குனி உத்தரம். அன்றைய கோயில் உபயம் டொக்டருடையது. மான் வயிற்றில் பிறந்த வள்ளிக்குக் கல்யாணம் நடக்கிற நாளில் இவருக்கு மான் சுடவேண்டும். ஆஸ்பத்திரியில் அவசரம் என்று ஐயரிடம் சொல்லிவிட்டு, விரதத்தோடு என் காரில் ஏறினார். நெற்றியில் திருநீறு, மடியில் துவக்கு. நீ பின் சீற்றில் இந்தப் பிளாஸ்க்கோடு இருந்தாய். விரதமாச்சே என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் இது:

"சுடுறதுக்கு விரதத்தில தடையில்லை. திண்டாத்தான் பிழை."

படிப்பு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது பார்த்தாயா! இப்படி ஒரு வேதாந்தம் படிக்காதவன் வாயில் வராது.

காலை வெயிலில் ஏரிக்கரைப் பற்றைகளுக்கு இடையே கொம்போடு ஒரு ஆண் பன்றிமான் வந்து நின்றது. குட்டையான, கொழுத்த, ஒன்றும் அறியாத பிராணி. டொக்டர் துவக்கைத் தூக்கிக்கொண்டு, உன்னைப் பார்க்காமலே பட்டிக்காக இடது கையை நீட்டினார். அவர் சுடுவார், உன் பட்டியைக் காலில் பூட்டுவார், சுட்ட மானைக் காட்டுகிற சோதனை நிலையத்தில் நீ சுட்டதாக நீ சொல்வாய். பிடிபட்டால் குற்றம் உன் தலையில், கொம்பு அவர் சுவரில்.

நீ சட்டைப் பையிலிருந்து பட்டியை எடுத்தாய். பிளாஸ்க்கின் கைபிடியில் சுற்றி, நுனியை ஓட்டைக்குள் விட்டு இழுத்தாய். அந்தச் சின்னச் சத்தத்துக்கே மான் பாய்ந்து போய்விட்டது.

"என்ர பேரில நான் கொல்லேல்லையெண்டால் நீங்களும் கொல்ல ஏலாது டொக்டர்" என்றாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. பிறகு மூடியில் தேத்தண்ணி ஊற்றி அவரிடம் நீட்டினாய். விரதம் என்று சொல்லி அவர் குடிக்கவில்லை.

நான் காரைத் திருப்பினேன். உன் தம்பியின் கதை அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய், உன் கை பிளாஸ்க்கைப் பிடித்திருந்த விதத்தில் எனக்குத் தெரிந்தது. டொக்டர் பிறகு உன் தொலைபேசி அழைப்பை எடுக்கவே இல்லை. சங்கத்தில் உன்னை நன்றி கெட்டவன் என்றார்கள். அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவராவது பேனாவைத் தொட்டாரா? கடைசியில் உன் தொழிற்சாலையில் வேலை செய்த கிரேக்கன்தான் கையெழுத்துப் போட்டான். தம்பி உதைபந்து விளையாடுவானா என்பது ஒன்றைத்தான் அவன் கேட்டான்.

நேற்று உன் நினைவுக் கூட்டம் நடந்த கிளேட்டன் மண்டபத்தில் டொக்டர் மேடையேறினார். நீ அவருடைய அருமையான வேட்டைத் தோழனாம். உன் தம்பியை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டதும் தானாம். சனம் தலையாட்டியது. இந்தச் சனத்துக்குத் தலை இருப்பதே அதற்குத்தான். எழும்பிக் கத்தப் போனேன், உன் தம்பி என் தோளை அமத்திவிட்டுக் குசினிக்குள் போனான்.

டொக்டர் இறங்கி வந்து கதிரையில் அமர்ந்ததும் அவன் இந்தப் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து, கைபிடி அவர் பக்கம் இருக்கும்படி மேசையில் வைத்தான். "அண்ணாவின்ர பிளாஸ்க், டொக்டர். குடியுங்கோ" என்றான். டொக்டர் பட்டியைப் பார்த்தார். நேற்று ஒரு விரதமும் இல்லை, குடித்தார்.

இனி வேலைக்குப் போகும்போது நான் இதைத்தான் கொண்டுபோகப் போகிறேன். யாராவது இதென்ன பட்டி என்று கேட்டால், நீ விட்ட மான் என்று சொல்வேன்.