உங்கள் பேட்டரி உயிரோடு இருக்கிறது

என் அருமை அத்தானுக்கு,

நலமா என்று எழுதத்தான் கை முதலில் போகிறது. இத்தனை வருடப் பழக்கம் சட்டென்று விடுமா? நானும் நம் பிள்ளை வள்ளியும் நலம். உங்கள் மஞ்சள் காரும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இது நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலரில் வரப்போகிறது. குவைத்தில் நம் மங்காஃப் முழுக்கப் படிக்கும். அதனால் நமக்குள் பேச வேண்டியதையெல்லாம் இதில் எழுதமாட்டேன். கார் பேட்டரியை வீட்டிலேயே எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதித் தரச் சொல்லித்தான் கேட்டார்கள். நம் கட்டடத்தில் இப்போது பால்கனிக்கு பால்கனி ஏசிக்கு அடியில் ஜாடி உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? உங்களைப் பார்த்து ஒரு காலத்தில் சிரித்தவர்கள்தான். சரி, எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தால் 'அத்தானுக்கு' என்றுதான் பேனா தொடங்குகிறது. நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலையில் மற்ற வீடுகளில் சாமி விளக்கைத் தேய்ப்பார்கள். நீங்கள் பானெட்டைத் தூக்கிவிட்டு பேட்டரியைத் தேய்ப்பீர்கள். ஆறு மூடிகளையும் கழற்றி வரிசையாக வைத்து, ஒவ்வொரு குழிக்குள்ளும் எட்டிப் பார்ப்பீர்கள். உள்ளே ஈயத் தகடு மூழ்கி, அதற்கு மேல் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். குவைத் வெயிலில் அது வற்றிக்கொண்டே இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ரப்பர் குழாய் வைத்துக் கண்ணாடி ஜாடியில் பிடித்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவீர்கள். ஆசிட் தெறித்துத் தெறித்து உங்கள் பனியன் ஒன்றுகூட ஓட்டை இல்லாமல் இருந்ததில்லை.

இந்தக் கவனத்தில் கால் பங்கு எனக்குக் கிடைத்தாலே போதும் என்று ஒருநாள் சொன்னேன். நீங்கள் தலையைத் தூக்காமலே பதில் சொன்னீர்கள்.

"ஒனக்கு ஒரே வாயி, எல்லாத்தையும் கேட்டு வாங்கிருத. இதுக்கு ஆறு வாயி இருந்தும் ஒண்ணும் கேக்கத் தெரியலைல்லா."

அன்றைக்கு நான் உங்களோடு பேசவே இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வேறொன்று வருகிறது, அதை விடுங்கள்.

போன வருஷ மார்கழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டியூட்டியிலிருந்து வந்தவர், பொழுது விடிவதற்குள் போய்விட்டீர்கள். ஊரில் காரியமெல்லாம் முடிந்ததும் எல்லாரும் என்னை அங்கேயே இருந்துவிடச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் லேப் வேலை என் படிப்புக்குக் கிடைத்த வேலை, என் விசா என் பெயரில் இருக்கிறது, நானும் என் பிள்ளையும் திரும்பிப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் விடாப்பிடியாக எடுக்கவைத்த லைசென்ஸ் அப்போதுதான் உதவியது. காலை ஆறு மணி டியூட்டிக்கு எந்த பஸ்ஸும் கிடையாது. கார் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் மங்காஃப்.

ஆனால் பானெட்டைத் திறக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை அத்தான். அது உங்கள் இடம். திறந்தால் நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். அதனால் திறக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியும் முனகிக்கொண்டே ஓடியது.

ஆடி மாதம் உங்கள் தம்பி சங்கரன் சவுதியில் தம்மாமிலிருந்து வந்தார். லீவில் ஊருக்குப் போகும் வழியில் எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், பக்கத்து ஃபஹாஹீலில் நண்பர் ரூமில் தங்கிக்கொண்டு தினமும் வந்து போனார். நல்ல மனசு. சும்மா இருக்கத்தான் தெரியாது. வண்டி முனகுவதைக் கேட்டுவிட்டு பானெட்டைத் திறந்தார், தண்ணீர் வற்றிக் கிடக்கிறது என்றார். அதுவரை சரி. சமையலறைக் குழாயில் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய், வாய்வரை நிரப்பிவிட்டார்.

குழாய்த் தண்ணீரா என்று கேட்டேன். இந்த நாட்டில் குழாயில் வருவதே கடல் தண்ணீரைக் காய்ச்சி வடித்ததுதான், டிஸ்டில்டு வாட்டரைக் கடையில் போய் வாங்க நாம் என்ன மெட்ராஸிலா இருக்கிறோம் என்றார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ஊரில் இருக்கிறவர் யாருக்காவது இந்த யோசனை தோன்றுமா? நானும் தலையாட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் சில நாளிலேயே ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டு ஆள் மேல் ஆள் வந்து போயிருந்தார்கள். எங்கள் லேப் தலைவர், எகிப்துக்கார டாக்டர், கோபக்காரர் இல்லை. உட்காரவைத்துப் பேசினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் நான் ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்குக் குடிவர வேண்டியதுதான் என்றார். ஹாஸ்டலில் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சங்கரன் அதற்கு முன்பே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"மதினி, பேட்டரி கலாஸ், முடிஞ்சு போச்சு. புதுசு போட்டாலும் யாரு பாத்துக்கிடுவா? வண்டிய வித்துருங்க, நீங்க ஹாஸ்டல்ல இருங்க. புள்ளைய நான் கூட்டிட்டுப் போயிருதேன், ஊர்ல வளரட்டும்."

ராத்திரி முழுக்க யோசித்தும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. மறுநாள் வள்ளியின் உடுப்புகளை மடித்து அவளுடைய சின்னப் பெட்டியில் அடுக்கினேன். பாவாடையை மடிக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அந்தக் கோபத்தோடு பால்கனிக்கு வந்தால் உங்கள் ஜாடி கண்ணில் பட்டது. கடற்கரை ஈரக்காற்றில் ஏசி சொட்டு சொட்டாக ஒழுகி, ஜாடி தானாக நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன பாட்டிலில் அந்தத் தண்ணீரும் இன்னொன்றில் குழாய்த் தண்ணீரும் பிடித்து மூடி, கைப்பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன்.

தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க லேபில் ஒரு மருந்து உண்டு, சில்வர் நைட்ரேட். ஏசித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், கண்ணாடி மாதிரி அப்படியே நின்றது. குழாய்த் தண்ணீரில் விட்டேன், மோர் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. வடித்த தண்ணீர் வெறுமையாக இருக்குமாம், குடிக்க ருசிக்க வேண்டுமென்று கிணற்று உவர்நீரைக் கலந்துதான் குழாயில் விடுகிறார்களாம். எகிப்துக்கார டாக்டர்தான் சொன்னார். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என்ன பரிசோதனை என்று விசாரிக்க வந்தவர். பேட்டரிக்கு என்றேன். தன் காருக்கும் ஒரு பாட்டில் ஏசித் தண்ணீர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பானெட்டைத் திறந்தேன்.

நீங்கள் அங்கே இல்லை. ஆனால் உங்கள் ஸ்பேனர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, நீங்கள் செருகி வைத்த இடத்தில் இருந்தது. வாய்வரை ஊற்றியது பொங்கி வழிந்து, மேலெல்லாம் ஆசிட் ஈரம், அதில் புழுதி. டெர்மினல் இரண்டிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. சங்கரன் உதவிக்கு வந்து, ஸ்பேனரை எடுத்து நேரே பிளஸ் பக்கம் வைத்தார். கையைத் தட்டிவிட்டேன். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதை நான் உங்களிடம் கேட்டுக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. வெள்ளிதோறும் காபி கொண்டு வந்து பக்கத்தில் நின்றதில் தானாக ஒட்டிக்கொண்டது.

மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரைத்து நுரைத்து அடங்கியது. கிளாம்பின் உட்புறத்தைச் சுரண்டினால்தான் தெரிந்தது, கரண்ட் போக வழியே இல்லாமல் பூத்து அடைத்திருக்கிறது. ரப்பர் குமிழ் வைத்த உங்கள் கண்ணாடிக் குழாயால் ஆறு குழியிலும் அதிகப்படியை உறிஞ்சி எடுத்தேன். உள்ளே போன உப்பு முழுவதும் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இனி ஊற்றுவது ஏசித் தண்ணீர்தான், மேற்கொண்டு உப்பு சேராது, அது நிச்சயம்.

பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, மூடிகளைத் தளர்த்தி, சார்ஜரில் போட்டேன். சங்கரன் சிகரெட்டை எடுத்தார். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும், தெருவுக்குப் போய்ப் பிடியுங்கள் என்று துரத்தினேன். மதினி என்றால் எப்போதும் அடங்கியே இருப்பாள் என்று நினைத்தார் போலும். சிகரெட்டோடு இறங்கிப் போனார். சாயங்காலம் அதே கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி, சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து பார்த்தேன். குழாய்க்குள் இருக்கும் மிதவை நீங்கள் இருந்தபோது நின்ற உயரத்துக்கு வரவில்லை. ஆனால் ஆறு குழியிலும் ஒரே மட்டத்தில் நின்றது. அது போதும். பேட்டரியைத் திரும்ப வண்டியில் வைத்து, டெர்மினலை மாட்டி வாசலினைப் பூசினேன்.

சனிக்கிழமை விடியலில் சாவியைத் திருப்பினேன். முனகல் இல்லை, தயக்கம் இல்லை, ஒரே உறுமலில் கிளம்பியது அத்தான். நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். ஆறு மணிக்கு முன்பே லேபில் விளக்கைப் போட்டவள் நான்தான். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். டாக்டர் ஹாஸ்டல் பேச்சை எடுக்கவே இல்லை.

சங்கரன் ஊருக்குப் போகும் பிளைட் நாள் வந்தது. டாக்ஸி சொல்லட்டுமா என்று கேட்டார். எதற்கு, நம் வண்டி இருக்கிறதே என்றேன். அவர் பெட்டியை மட்டும் டிக்கியில் வைக்க எடுத்தேன். வள்ளியின் பெட்டி கட்டில் மேலேயே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஏர்போர்ட் வாசலில் இறங்கியவர் கதவைச் சாத்தாமல் குனிந்து உள்ளே பார்த்தார்.

"புள்ள ஒங்ககிட்டயே இருக்கட்டும் மதினி. வீட்ல நான் சொல்லிக்கிடுதேன்."

திரும்பும்போது வள்ளி முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, ஸ்கூல் ரீஓபன் ஆனா நான் இங்கதானே போவேன்?"

"இங்கதான். அம்மாதான் கொண்டு விடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து, பாவாடைகளையெல்லாம் அவளே எடுத்து அலமாரியில் அடுக்கினாள். கோணல்மாணலாகத்தான் அடுக்கினாள். நான் சரி செய்யவில்லை.

அத்தான், நம் பிள்ளை என் கண்முன்னே வளர்வாள். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மாமன் மகள்,
வள்ளியின் அம்மா,
கோமதி