பவர் பேங்க் கொடுத்து வாயை அடைக்கிறார்கள்

என் மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி கிடக்கிறது. நாற்காலியை இழுத்துப் போடும்போதெல்லாம் காலில் இடிக்கிறது, இடிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளே முழுக்கப் பவர் பேங்குகள். ஒவ்வொன்றிலும் நம் நிறுவனத்தின் பெயரைத் தங்க எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். புது பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. வேன் ஓட்டுநர்களுக்கு அன்பளிப்பாம். போனில் பேட்டரி நிற்பதே இல்லை என்று அவர்கள் முறையிட்டதற்கு நம் முதலாளி கண்டுபிடித்த மருந்து இது. பேட்டரியைக் குடிப்பது நம்முடைய செயலி. அதைத் திருத்த மாட்டார், பவர் பேங்க் வாங்கிக் கொடுப்பார்.

நீ இருந்திருந்தால் இந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் அறை வாசலில் போட்டிருப்பாய். நீ இல்லை. போன வருடம் அந்த டெங்கிக் காய்ச்சலைப் பனடால் மாத்திரை போட்டே ஓட்டினாய். "சும்மா காய்ச்சல்தான்டி, பயமுறுத்தாத லா" என்றாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தக் கோபமும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுங்கை பட்டாணியில் கடை வீட்டின் மேல்மாடியில் நாம் இருவரும் இந்தச் செயலியை எழுத ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? பிள்ளைகளின் பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் வீட்டிலிருந்தே பார்க்கலாம், அவ்வளவுதான் அதன் வேலை. ஏர்கோன் அறையின் குளிரில் உட்கார்ந்து சோதித்தோம். சோதனைப் போன்கள் எல்லாம் எந்நேரமும் சார்ஜரில் சொருகியே இருக்கும். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நமக்கு நாமே தட்டிக்கொடுத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு நாள் மல்லிகா அக்கா மாடிப்படி ஏறி வந்தார். பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். "தங்கச்சி, ஒங்க ஆப் போட்டதுலேர்ந்து மத்தியானத்துக்குள்ள போன் செத்துப் போவுது. ஒரு அவசரம்னா நான் எங்க போய்க் கூப்புடுறது?" என்றார். வேனிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லி அனுப்பினோம். ஆனால் உனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை நீயே அவர் வேனில் ஏறிப் போனாய்.

மத்தியானம் நீ திரும்பி வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதுகெல்லாம் வியர்வை, முகம் சிவந்து கிடந்தது. "சார்ஜ் போட வேன்ல ஒரே ஒரு ஓட்டைதான்டி இருக்கு. அதுல பிள்ளைங்களுக்குக் குட்டி ஃபேன் சொருகி வெச்சிருக்காங்க. ஏர்கோன் கெட்டுப்போய் எவ்ளோ நாளோ. அந்த ஃபேனப் புடுங்கச் சொல்றியா?" என்று கத்தினாய், என்னவோ அந்த வேனை நான்தான் செய்தது போல. அதே வேகத்தில் சோதனைப் போன்களின் சார்ஜர்களை எல்லாம் பிடுங்கி, மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாய்.

அதன்பிறகு நீ எழுதியது வேறு செயலி. வேன் நிற்கும்போது இருப்பிடத்தைக் கேட்டு போனைத் தொந்தரவு செய்யாது. செம்பனைக் காட்டுக்குள் போன் லைன் கிடைக்காத இடத்தில் விடாமல் முட்டிக்கொண்டிருக்காது. சேர்த்து வைத்திருந்து, லைன் வந்ததும் அனுப்பும். திரை அணைந்திருந்தாலும் வேலை நடக்கும். பேட்டரி இறங்க ஆரம்பித்தால் நம் செயலி தானே ஒதுங்கிக்கொள்ளும், பெற்றோருக்கும் அதைச் சொல்லிவிடும். "அது அவங்க போன்டி. நம்ம வாடகைக்கு வந்தவங்க. வீட்டுக்காரனுக்குச் சோறு இல்லாம நம்ம திங்கக் கூடாது" என்றாய்.

நீ போன பிறகு நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், நீ எழுதியதை எல்லாம் ஆள் வைத்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் வேன் நொடிக்கு நொடி எறும்பு மாதிரி ஊர வேண்டுமாம். அதுதான் பார்க்க அழகாம்.

போன வாரம் நல்ல மழை. தோட்டத்துப் பாதையில் மல்லிகா அக்காவின் வேன் டயர் வெடித்து நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஒரு சிறுமிக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது, ஏழு வயதுப் பிள்ளை. போனை எடுத்தால் செத்துக் கிடக்கிறது. அக்கா மழையில் பாதை நடுவே போய் நின்று, கூலிம் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரரை மறித்து, அவர் போனை வாங்கித்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் அந்தப் பிள்ளையின் அப்பா நம் செயலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் போன் செத்த இடத்திலேயே வரைபடத்தில் வேன் உறைந்து நின்றிருக்கிறது. "வேன் சந்திக்கிட்டயே நிக்கிது, ரோடு ஜாமா இருக்கும்னு நெனச்சேன்மா" என்று என்னிடம் சொன்னார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்போது வீட்டில் இருக்கிறது.

அதற்குத்தான் இந்தப் பவர் பேங்க். திங்கட்கிழமை கூட்டத்தில் முதலாளி சிரித்துக்கொண்டே ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "பேட்டரிதானே பிரச்சினை? முடிஞ்சிச்சு லா." பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"பழையத திரும்பப் போடப் போறேன் பாஸ். வேணாம்னா என்னை வேலையவிட்டு எடுத்துடுங்க" என்றேன்.

"எமோஷனலா பேசாதீங்க சிஸ்டர். பேரண்ட்ஸ் கேக்குறத நம்ம குடுக்குறோம்."

"பேரண்ட்ஸ் பிள்ளையக் கேக்குறாங்க பாஸ். எறும்பக் கேக்கல."

எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் மாலைக்குள் நீ எழுதியதைத் தேடி எடுத்து, மறுபடி பொருத்தி, ஓட்டுநர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதிலிருந்து முதலாளி என் முகத்தைப் பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் என்னை அனுப்பிவிடுவார் என்று பேச்சு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாளைக்கு என் பிள்ளையும் ஒரு வேனில்தான் ஏறப் போகிறது.

இன்று மாலை மல்லிகா அக்கா கூப்பிட்டார். பிள்ளைகளின் கூச்சல் இல்லை, எல்லாரையும் இறக்கிவிட்டிருந்தார்.

"தங்கச்சி, இந்நேரத்துக்கு என் போன்லேர்ந்தே கூப்புடுறேன் பாத்துக்க. பாதி பேட்டரி இன்னும் இருக்கு லா. என்ன செஞ்ச?"

"நான் செய்யலக்கா. அவ செஞ்சு வெச்சது."

"அன்னைக்கு வேன்ல என் பக்கத்துல ஒக்காந்து வந்துச்சே, அந்தக் கோவக்காரப் பொண்ணு" என்றார். "எங்களுக்காக ஒரு ஆளு கோவப்பட்டு நான் பாத்தது அது ஒண்ணுதாம்மா."

போனை வைத்துவிட்டு அழுதேன், அழுததற்கும் உன்மேல்தான் கோபம் வந்தது. அவர் சொன்ன அந்தக் கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆற விடாமல் வைத்திருக்கிறேன். உன்னுடையதுதான். வேண்டுமென்றால் நீயே வந்து வாங்கிக்கொண்டு போடி.