இருவருக்கு எழுதிய சொனாட்டா

ஜனவரி 12, திங்கள்

பனிமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. வயலினைவிடக் கொஞ்சம் பெரியது என் வயோலா; அதைச் சுதி சேர்ப்பதற்குள் விரல் விறைத்துவிட்டது.

சனிக்கிழமை கச்சேரி: தேவிகா பியானோ, நான் வயோலா, இரண்டுக்கும் சேர்த்து எழுதிய மேற்கத்திய சொனாட்டா. தேவிகாவும் நானும் ஒரே வீட்டில் இருந்தபோது ஒப்புக்கொண்டது. அதற்கடுத்த திங்கள் கோர்ட், விவாகரத்துக் கையெழுத்து. அவளிடம் போனில் கேட்டேன்: பியானோ இல்லாமல், வயோலாவுக்கு மட்டும் எழுதிய சொனாட்டா ஒன்றை நானே வாசித்துவிடவா?

"பயமா இருக்கா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு வா."

13, செவ்வாய்

லக்ஷ்மிபாய் நகர். அவள் அண்ணன் குவார்ட்டர்ஸ். அவளும் பியானோவும் இப்போது அங்கேதான். அவள் அம்மா கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்…" நிறுத்திக்கொண்டார். "வாங்க தம்பி. காப்பி குடிக்கியளா?"

முதல் பகுதி பரவாயில்லை. மெதுவான பகுதியில் நான் முந்த, அவள் பிந்த, "சாரி", "சாரி". குடித்தனம் நடத்தியபோது இவ்வளவு மரியாதை கிடையாது.

15, வியாழன்

மெட்ரோவில் தூக்கம். கனவிலும் அந்த மெதுவான பகுதிதான், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல. இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டிவிட்டது.

ஒத்திகையில் தேவிகா: "என்னைப் பாக்காத. மூச்சு விடு. அது எனக்குக் கேக்கும்."

விட்டேன். சேர்ந்து விழுந்தது. போன நூற்றாண்டில் யாரோ எங்கோ எழுதிய சுரங்கள், எங்களுக்கென்றே வைத்திருந்தாற்போல. ஜன்னலில் வெள்ளையாகப் பனி. காய்கறி வண்டிக்காரர் கூவியதும் அதே சுதி. முடிந்த பிறகும் தந்தியிலிருந்து வில்லை எடுக்க மனம் வரவில்லை.

இவளையா விடப்போகிறேன்?

17, சனி

சின்ன ஹால். கடைசி சுரம் அடங்கியது. பிறகு கைதட்டல், எங்கோ மழை பெய்வதுபோல.

மேடைக்குப் பின்னால் கேட்டேவிட்டேன். "திங்கள் போக வேண்டாமே, தேவிகா."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வாசிக்கறப்ப நான் சொல்றது உனக்குக் கேக்குது. வீட்டுல கேட்டதே இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. வயோலாவைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

19, திங்கள்

வெயில். கோர்ட் தாழ்வாரத்தில் கூட்டம். கையெழுத்து. அவ்வளவுதான்.

வாசலில் ஆட்டோ ஏறப் போனவள் திரும்பினாள்.

"இன்னொரு சொனாட்டா கெடச்சிருக்கு. இதவிடக் கஷ்டம். புதன்கிழமை வரியா?"

"வரேன்."

"ஜல்தி வா. ஆறு மணிக்கு மேல அண்ணன் நியூஸ் போட்டுடுவான்."