துண்டு மூடிய ரிசீவர்

என் உயிர் கோமதியக்காவுக்கு,

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் நம் லாட்ஜில் ஓர் அறைகூடக் காலியில்லை. போன் விடாமல் அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அப்பா ஓடிப்போய் எடுத்து, "ரூம் இல்லையே அண்ணாச்சி" என்று பொறுமையாகச் சொல்கிறார். நம் அப்பாவா என்று நீ சிரிப்பாய்.

உன் காலத்தில் என்ன செய்வார்? அறைகள் நிரம்பியதும் ரிசீவரை எடுத்து மேஜைமேல் போட்டு, துண்டால் மூடிவிடுவார். கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் எங்கேஜ்டு. "அடிச்சுப் பாத்துட்டுக் கெடக்கட்டும்" என்பார். சீசனில் பாதி லாட்ஜுகளில் அதுதான் வழக்கம்.

நீ பம்பாயிலிருந்து டிரங்கால் போட்ட அன்றும் அது அப்படித்தான் கிடந்தது. தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த சரோஜா மறுநாள் வந்து, நீ கூப்பிட்டதைச் சொன்னாள். "திரும்பப் போடுவா" என்றார் அப்பா. வந்தது தந்திதான். ஸ்டவ் வெடித்து நீ போய்விட்டாயாம். அத்தனை பேர் இருந்த வீட்டில் அது உன்மேல் மட்டும் எப்படி வெடித்தது? உன் புருஷனை அத்தான் என்று எழுதக் கை கூசுகிறது. மறு வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டான்.

அதன்பிறகு அப்பா ரிசீவரை எடுத்துப் போட்டதே இல்லை. இப்போது ஆபரேட்டர் இல்லாமல் நாமே நம்பரைச் சுற்றிப் பேசலாம். துபாயிலிருந்து வந்த சித்தப்பா மகன், ஆள் இல்லாதபோது கூப்பிட்டவர் பேச்சைக் கேசட்டில் பிடித்துவைக்கிற மெஷின் ஒன்று கொண்டுவந்தான். அப்பா அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது அப்பமே இருந்திருந்தா..." என்றார். எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

எங்கேஜ்டு சத்தம்தான் உனக்குக் கேட்டிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன வாரம் கடையத்தில் ஒரு கல்யாணவீட்டில் சரோஜாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"டிரங்கால்னா எங்கேஜ்டா இருந்தாலும் நாங்க உள்ள பூந்து சொல்லுவோம்லா? கத்துதேன், ஒருத்தரும் எடுக்கல. ரிசீவர் தெறந்து கெடக்கு, ஒங்க அப்பா பேசுதது கேக்கு. ஒங்க அக்காளுக்கும் கேக்கு. 'அப்பா, அப்பா'ன்னு கூப்பிட்டா. பொறவு, 'கட் பண்ணாதீங்க, செத்த நேரம் கேட்டுக்கிடுதேன்'னா."

அப்பா யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாராம்.

"நான் வேணா தகவல் சொல்லட்டான்னேன். 'வீட்டுக்கு வந்துரட்டுமான்னு அப்பாட்டக் கேக்கணும், அத நானே கேட்டுக்கிடுதேன். சிரிச்சுட்டு இருக்காவ, இருக்கட்டும்'னுட்டு வச்சுட்டா. இத யார்ட்டயும் சொல்லாதீங்கன்னா. அதான் கால் வந்தத மட்டும் சொன்னேன். லைன்ல கேட்டத வெளிய சொல்லவும் எங்களுக்கு அனுமதி கெடையாது."

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வர எதற்கு அக்கா கேட்டாய்? கட்டிக்கொடுத்தபோது, "இனி அதுதான் உன் வீடு" என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினோமே, அதனாலா? நீ கேட்காமல் ரயிலேறியிருந்தால் எந்த அறையைக் காலி செய்தாவது அப்பா உன்னை வைத்துக்கொண்டிருப்பார். அது உனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ எத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்ல?

ஆவணியில் நம் கடைக்குட்டி செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு டெல்லியில் வேலை. "அங்கேருந்து லைன் கெடைக்கலன்னா என்னக்கா செய்ய?" என்று நேற்று விளையாட்டாகத்தான் கேட்டாள்.

மண்டபத்திலிருந்து அவளை அனுப்பும்போது, சம்பந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொல்வேன். "போன் போட்டுக் கேக்காதட்டி, வந்துரு." இது உன்மேல் சத்தியம்.

உன் கேள்விக்குப் பதிலை வைத்துக்கொண்டு இருக்கும்,
உன் தங்கை பார்வதி